குப்பியை மறுக்கும் பிள்ளை: ஆரியங்கோட்டு அம்மச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மச்சிமாருக்கும் பாட்டிமாருக்கும்,

அந்தக் காலை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பேறுகால விடுப்பு முடிந்து மகளோ மருமகளோ முதல் நாள் வேலைக்குக் கிளம்புகிறாள். திருவனந்தபுரம் போகும் பஸ் முக்கில் திரும்பும் சத்தம் கேட்கிறது. பிள்ளைக்குக் கடைசியாக ஒருமுறை பால் கொடுத்து, வாயைத் துடைத்து, உங்கள் கையில் தந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்குகிறாள். பத்து மணிக்குப் பிள்ளைக்குப் பசிக்கிறது. புதுக் குப்பியில் பாலை ஊற்றி வாயில் வைக்கிறீர்கள். நாக்கால் வெளியே தள்ளுகிறது. முதுகை வில்லாய் வளைக்கிறது. முகம் சிவக்க அழுது களைத்து உங்கள் தோளிலேயே தூங்கிவிடுகிறது. பதினோரு மணிக்கு மறுபடியும் அதே கதை. ஊற்றிய பால் ஊற்றியபடி இருக்கிறது. இடைவேளையில் மகள் ஃபோன் செய்து "குடிச்சானா அம்மா?" என்று கேட்கும்போது என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நிற்கிறீர்கள்.

இந்த மடல் அந்தப் பத்து மணிக்காக எழுதப்படுகிறது.

ஆரியங்கோடு, பெருங்கடவிளை, வெள்ளறடை, பாறசாலை, தனுவச்சபுரம், கேரள எல்லைக்கு அப்பால் களியக்காவிளை என்று இந்த ஊர்களில் கைக்குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் நீங்கள்தான். ஆஸ்பத்திரியில் சொல்லும் அறிவுரை எல்லாம் தாய்க்குச் சொல்லப்படுகிறது. கையேடு தாய்க்குத் தரப்படுகிறது. பகல் முழுவதும் பிள்ளையோடு போராடும் உங்களிடம் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. அந்தக் குறையை இந்த மடல் கொஞ்சமாவது தீர்க்கட்டும்.

முதலில், பிள்ளை ஏன் மறுக்கிறது என்பதைப் பார்ப்போம். நம் வீடுகளில் இதற்கு உடனே வரும் சொல் "பிடிவாதம்". மூன்று மாதக் குழந்தைக்குப் பிடிவாதம் பிடிக்கத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பால் வரும் வழி ஒன்றுதான். மார்பில் பால் குடிக்கும்போது குழந்தை வாயை அகலத் திறந்து, கருவளையத்தையும் சேர்த்துக் கவ்வி, நாக்கை அலைபோல அசைத்துப் பாலை வரவழைக்கிறது. முதலில் சில நிமிடம் சப்பினால்தான் பால் சுரந்து இறங்கும். பிறகு வேகம் கூடும், குறையும். ரப்பர் நிப்பிளில் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடுகிறது. வாயில் வைத்த உடனே பால் சொட்டுகிறது, நிற்காமல் வருகிறது, தொண்டையில் நிறைகிறது. பழகாத குழந்தைக்கு அது மூச்சுமுட்டல். நாக்கால் தள்ளுவது அது தன்னைக் காத்துக்கொள்ளும் வழி.

அடுத்தது வாசனை. ஏய்டன் மக்ஃபார்லேன் என்ற ஆய்வாளர் 1975இல் இங்கிலாந்தில் ஒரு சோதனை செய்தார். பிறந்து ஒரு வாரம் ஆன குழந்தைகளின் தலைக்கு ஒரு பக்கம் சொந்தத் தாயின் மார்பில் வைத்த துணியையும், மறுபக்கம் வேறொரு தாயின் துணியையும் வைத்தார். குழந்தைகள் தாயின் துணிப் பக்கமே கூடுதலாக முகத்தைத் திருப்பின. கண் சரியாகத் தெரியாத வயதிலேயே மூக்கு தாயைக் கண்டுபிடிக்கிறது. அந்த மூக்குக்குப் புது ரப்பரின் வாடை அந்நியம்.

சுவையும் அப்படித்தான். ஜூலி மெனெல்லாவும் கேரி போஷாம்பும் 1991இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், தாய்மார் பூண்டு சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் பாலின் மணம் மாறியது. பிள்ளைகள் மார்பில் கூடுதல் நேரம் தங்கின. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பும் பூண்டு லேகியமும் செய்து கொடுத்தவர்கள் நீங்கள். உங்கள் அடுப்பின் மணம் பால் வழியாகப் பிள்ளைக்கு முன்பே அறிமுகமாகியிருக்கிறது. மாவுப்பால் டப்பாவுக்கு அந்த மணம் கிடையாது. அதனால்தான் குப்பியில் முதன்முதலாகக் கொடுப்பது, முடிந்தவரை, தாயிடமிருந்து பீய்ச்சியெடுத்த பாலாகவே இருக்க வேண்டும். பாத்திரம் புதிது, ஆளும் மாறியிருக்கிறது. பாலாவது பழகியதாக இருக்கட்டும்.

ஆகவே அம்மச்சிமாரே, இந்த மூன்று பேச்சை வீட்டில் நிறுத்திவிடுங்கள்.

"பிறந்ததுமே குப்பி பழக்கியிருக்கணும்" என்று சொல்லாதீர்கள். முதல் மூன்று நான்கு வாரம் தாய்ப்பால் நன்றாக ஊறி நிலைபெற வேண்டிய காலம். அந்த நாட்களில் குப்பி கொடுக்காமல் இருந்தது அவள் செய்த நல்ல காரியம். "உன் பால் போதலை, அதான் இப்படி" என்றும் சொல்லாதீர்கள். குப்பியை மறுப்பதற்கும் பால் ஊறுவதற்கும் சம்பந்தமில்லை. மார்பில் திருப்தியாகக் குடித்துப் பழகிய பிள்ளைதான் குப்பியைத் தள்ளுகிறது. "பசிச்சா தன்னால குடிக்கும், விட்டுடு" என்பது மூன்றாவது. பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரும் இந்த முறை பெரியவர்கள் நினைப்பதைவிட ஆபத்தானது. பசி முற்றிய குழந்தை அழுது சோர்ந்துவிடும். சோர்ந்த குழந்தைக்குப் புதிதாக ஒன்றைக் கற்கும் தெம்பு இருக்காது. நம்மூர் வெயிலில் உடம்பில் நீர் வற்றுவதும் வேகமாக நடக்கும்.

எந்த வயதில் தாய் வேலைக்குப் போகிறாள் என்பதைப் பொறுத்துத்தான் வழி. இங்கே எல்லைக் கோடும் ஒரு வேலை செய்கிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பேச்சும் பெண் கொடுத்து எடுப்பதும் கோட்டைத் தாண்டி இன்றும் நடக்கின்றன. அதனால் ஒரே குடும்பத்தில் மூன்றுவிதக் கணக்கு இருக்கலாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியையான மருமகளுக்கு, 2021 ஜூலை முதல், 12 மாத விடுப்பு. கேரள அரசு அலுவலகத்தில் இருக்கும் மகளுக்கு 180 நாள். தனியார் நிறுவனத்தில் இருப்பவளுக்கு 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம்.

26 வாரம் என்றால் ஆறு மாதம் ஆயிற்றே என்று தோன்றும். ஆனால் பிரசவத்துக்கு முன்பே அதில் 8 வாரம்வரை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. வயிற்றுப் பிள்ளையோடு பஸ்ஸில் தொங்கிப் போக முடியாமல் முன்னதாகவே விடுப்பு எடுத்தவளுக்கு, பிரசவத்துக்குப் பிறகு மிஞ்சுவது 18 வாரம். அவள் திரும்பும்போது பிள்ளைக்கு நான்கு மாதம்தான். பத்துப் பேருக்குக் குறைந்த கடையில் நிற்பவளுக்கும், ரப்பர் வெட்டப் போகிறவளுக்கும், வீட்டு வேலை செய்பவளுக்கும் அந்த 26 வாரமும் கைக்கு எட்டுவதில்லை. அவர்களில் பலர் இரண்டு மாதத்திலேயே கிளம்ப வேண்டியிருக்கிறது. மிகச் சிறிய பிள்ளைகள், மிகக் குறைந்த வசதியுள்ள வீடுகளில், உங்கள் கையில் வந்து சேர்கின்றன. இந்த மடல் முக்கியமாக அந்த வீடுகளை நினைத்து எழுதப்படுகிறது. பால் பீய்ச்சும் பம்பு வாங்கப் பணம் இல்லாவிட்டாலும் செய்யக்கூடியவைதான் கீழே வருபவை எல்லாம்.

வேலைக்குப் போகும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். காலையில் பால் நிறைய இருக்கும் நேரத்தில் தாய் கையால் பீய்ச்சிப் பழகட்டும். சோப்புப் போட்டுக் கை கழுவி, வெந்நீரில் கொதிக்கவைத்து எடுத்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இளஞ்சூட்டுத் துணியால் மார்பை ஒற்றி, மெல்லத் தடவிவிட வேண்டும். கட்டைவிரலைக் கருவளையத்தின் மேல் ஓரத்திலும் ஆள்காட்டி விரலைக் கீழ் ஓரத்திலும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விட வேண்டும். காம்பை இழுக்கவோ பிசையவோ கூடாது. முதல் ஓரிரு நிமிடம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அங்கேதான் பலர் "வரவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். தொடர்ந்து செய்தால் திடீரென்று நூல்நூலாகப் பீறிட்டு டம்ளரின் சுவரில் படும் சத்தம் கேட்கும். விரலை வட்டமாக நகர்த்தி எல்லாப் பக்கமும் எடுக்க இருபது முப்பது நிமிடம் ஆகும். அந்த நேரம் அவளுக்குக் கிடைக்கும்படி பிள்ளையையும் அடுப்பையும் நீங்களும் மகனும் மருமகனும் பார்த்துக்கொண்டால், பாதி வேலை முடிந்தது.

எடுத்த பாலை 25 டிகிரிவரை உள்ள அறைச்சூட்டில் 4 மணி நேரம் வைக்கலாம் என்பது உலகப் பொதுக் கணக்கு. நம்மூரில் பங்குனி சித்திரையில் வீட்டுக்குள்ளேயே சூடு அதைத் தாண்டும். அதனால் எடுத்ததும் மூடி, ஃபிரிட்ஜின் உள்பக்கத்தில் வையுங்கள், கதவில் வைக்காதீர்கள். இன்று எடுத்ததை நாளைக்குள் கொடுத்துவிடுவது நல்லது. மறுநாள் பார்க்கும்போது மேலே கொழுப்பு ஏடுபோல் பிரிந்து நிற்கும். கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். பாத்திரத்தை மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். சிலருடைய பாலில் சோப்பு வாடை வரும். பாலில் உள்ள லைப்பேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் வரும் வாடை அது; பிள்ளைக்குக் கேடு இல்லை. ஆனால் சில பிள்ளைகளுக்கு அது பிடிக்காது. அப்படியானால் அன்றன்றைக்குப் புதிதாக எடுத்த பாலைக் கொடுத்துப் பாருங்கள்.

சூடாக்க அடுப்பில் வைக்க வேண்டாம். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் டம்ளரை இறக்கி வைத்து, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருந்தால் அதுதான் பக்குவம். பிள்ளை வாய் வைத்து மிச்சம் வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து கொடுக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக, 60 மில்லி அளவு சூடாக்குங்கள். கேட்டால் இன்னும் கொஞ்சம்.

எவ்வளவு கொடுப்பது என்ற கவலையும் உங்களுக்கு இருக்கும். ஒரு மாதம் முதல் ஆறு மாதம்வரை தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகள் ஒரு நாளில், பகலும் இரவும் சேர்த்து, சராசரியாக 750 முதல் 800 மில்லி குடிக்கின்றன. பிள்ளைக்குப் பிள்ளை இது மிகவும் மாறும். மாதம் ஏற ஏற அளவு பெரிதாக ஏறுவதில்லை என்பதைக் கவனியுங்கள். பத்து மணி நேரம் தாய் வெளியே இருந்தால் 250 முதல் 350 மில்லிவரை போதும். பக்கத்து வீட்டு மாவுப்பால் பிள்ளை ஒரே மூச்சில் 200 மில்லி குடிக்கிறது என்று இந்தப் பிள்ளையை அதோடு ஒப்பிட வேண்டாம்.

இனி பழக்கும் முறை. கொடுக்க வேண்டியது தாய் அல்ல. நீங்களோ பிள்ளையின் அப்பனோ. தாயின் மடியில் இருந்துகொண்டு ரப்பரைச் சப்ப எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. அந்தப் பத்து நிமிடம் அவள் கிணற்றடிக்கோ பக்கத்து வீட்டுக்கோ போய்விடுவது நல்லது. குரல் கேட்டாலே பிள்ளை தேடும். அவள் உடுத்திக் கழற்றிய நேரியதை உங்கள் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை தூங்கி விழித்து, பசி தொடங்கியும் தொடங்காமலும் இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நிப்பிளில் மிகச் சிறிய துளை உள்ளதை வாங்கி, வெந்நீரில் ஒரு நிமிடம் காட்டி இளஞ்சூடாக்குங்கள்.

பிள்ளையைப் படுக்கவைக்காமல், தலையும் முதுகும் தாங்கி, ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில் பிடியுங்கள். நிப்பிளால் மேல் உதட்டைத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள். அதுவாக வாயைத் திறந்து இழுத்துக்கொள்ள வேண்டும்; திணிக்கக் கூடாது. குப்பியைச் செங்குத்தாகக் கவிழ்க்காமல் கிடைமட்டமாகப் பிடித்தால் பால் மெதுவாக வரும். நாலைந்து மிடறு விழுங்கியதும் குப்பியைச் சற்றுத் தாழ்த்தி மூச்சுவிட இடம் கொடுங்கள். சில பிள்ளைகள் முற்றத்தில் நடந்துகொண்டே கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். முகத்தைத் திருப்பினால், அழத் தொடங்கினால், அந்த வேளைக்கு நிறுத்திவிடுங்கள். தோளில் போட்டுத் தட்டி அமைதிப்படுத்தி, பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஓரிரு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் போதும். சில பிள்ளைகள் நாலு நாளில் ஏற்கும். சில வாரக்கணக்கில் இழுக்கும். சில கடைசிவரை குப்பியைத் தொடாது.

நிப்பிளில் தேன் தடவிக் கொடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அதைச் செய்யவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் போட்டுலிசம் என்னும், நரம்பைத் தளரவைக்கும் நச்சுநோய் வர வாய்ப்பு இருக்கிறது. சர்க்கரைத் தண்ணீரும், தண்ணீர் கலந்த பசும்பாலும் வேண்டாம். பசும்பாலை முக்கிய ஆகாரமாகக் கொடுப்பதற்கு ஒரு வயது ஆக வேண்டும்.

கடைசிவரை குப்பியைத் தொடாத பிள்ளைக்கு என்ன வழி? அந்த வழி உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம். பெயர் சூட்டிய நாளில் யாராவது ஒரு வெள்ளிப் பாலாடை கொடுத்திருப்பார்கள். சிலர் சங்கு என்பார்கள். இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் மலையாளத்தில் பாலட. ஒரு பக்கம் மூக்குப்போல நீண்ட சிறு கிண்ணம். குறைமாதப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க இந்தியா முழுவதும் ஆஸ்பத்திரிகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். உலக மருத்துவ ஏடுகள் இதற்கு ஆங்கிலப் பெயர் தேடாமல் "பாலாடை" என்ற நம் சொல்லையே எழுதுகின்றன. இந்திய மருத்துவர்கள் பாலாடையையும் கோப்பையையும் குப்பியையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. பிறந்த குழந்தைகள் குறைந்த நேரத்தில் கூடுதல் பால் குடித்தது பாலாடையில்தான். 2007இல் லண்டனில் குறைமாதக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் முடிவு வேறுவிதமாக வந்தது: பாலாடையில் பால் அதிகம் சிந்தியது, நேரமும் கூடியது. கொடுக்கும் கையின் பழக்கம் இதில் பெரிய பங்கு வகிக்கிறது என்றே கொள்ள வேண்டும். அந்தப் பழக்கம் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது.

ஆனால் பழைய முறையில் ஒன்றை மாற்றியாக வேண்டும். காலை நீட்டி, பிள்ளையை மல்லாக்கப் போட்டு, வாயில் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பிள்ளையை நிமிர்ந்த நிலையில் மடியில் வைத்து, கழுத்துக்குக் கீழே ஒரு துணி விரித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் மேல், வாயின் ஓரமாக வையுங்கள். பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்து அங்கேயே நிறுத்துங்கள். பிள்ளை நாக்கை நீட்டி நக்கும், பிறகு உறிஞ்சும். விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். முதல் இரண்டு நாள் பாதி துணியில்தான் போகும். மூன்றாம் நாள் முதல் பிள்ளையே தலையை முன்னால் கொண்டுவருவதைப் பார்ப்பீர்கள்.

பாலாடையில் இன்னொரு நன்மை சுத்தம். குப்பியில் கழுத்து, வளையம், நிப்பிள் என்று பால் ஒளிந்துகொள்ளும் இடுக்குகள் பல. ஒவ்வொரு முறையும் பிரித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தால்தான் ஆகும். அதில் தவறினால் வயிற்றுப்போக்கு. பாலாடையைச் சோப்பால் தேய்த்துக் கொதிநீரில் போட்டு எடுத்தால் முடிந்தது. ஒளியும் இடம் இல்லை. மருத்துவர்களும் அரசும் குப்பியைச் சந்தேகத்தோடு பார்க்க இந்த அழுக்குதான் பெரிய காரணம். சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1939இலேயே சிங்கப்பூரில் நின்று, டப்பாப்பால் விளம்பரத்தால் குழந்தைகள் சாகின்றன என்று பேசினார். 1981இல் உலக சுகாதார மன்றம் அந்த விளம்பரங்களுக்கு எதிரான விதித்தொகுப்பை ஏற்றது. இந்தியா 1992இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. மாவுப்பாலையும் பால் குப்பியையும் விளம்பரம் செய்வது இங்கே குற்றம்; ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத குப்பியை விற்கவும் கூடாது. வாங்கும்போது அந்த முத்திரையைப் பாருங்கள். 2002இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கேரளத்தை உலகின் முதல் குழந்தை நேய மாநிலம் என்று அறிவித்தன. பிரசவ ஆஸ்பத்திரிகளில் டப்பாப்பாலைத் தள்ளித் தாய்ப்பாலை முன்னுக்குக் கொண்டுவந்ததற்காகக் கிடைத்த பெயர் அது.

இதையெல்லாம் சொல்வதால் குப்பியில் கொடுக்கும் வீட்டைக் குற்றவாளியாக்குவதாக நினைக்க வேண்டாம். வளைகுடாவில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள் மூன்று மாதத்தில் விமானம் ஏற வேண்டியிருக்கலாம். தாய்க்கு உடம்பு சரியில்லாமல் போகலாம். மருத்துவரைக் கேட்டு மாவுப்பால் கொடுக்க வேண்டிய வீடுகளும் இருக்கின்றன. அந்த வீட்டு அம்மச்சி டப்பாவில் எழுதியிருக்கும் அளவை இம்மியும் மாற்றாமல் கலக்க வேண்டும். டப்பா இன்னும் நாலு நாள் வரட்டும் என்று தண்ணீரைக் கூட்டினால் பிள்ளை மெலியும்.

பிள்ளைக்கு ஆறு மாதம் நெருங்கிய பிறகுதான் தாய் வேலைக்குப் போகிறாள் என்றால், குப்பி என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். அந்த வயதில் பிள்ளை சின்ன டம்ளரிலேயே, நீங்கள் பிடித்துக்கொடுத்தால், குடிக்கும். குப்பி பழக்கிவிட்டால் ஒன்றரை வயதுக்குள் அதை மறக்கடிக்க இன்னொரு போராட்டம் வேண்டும். ஆறு மாதம் முடிந்ததும் கூவரகுக் கூழ், மசித்த சோறும் பருப்பும், ஏத்தம்பழம் என்று தொடங்கலாம். குடும்பஸ்ரீ பெண்கள் தயாரித்து அங்கன்வாடி வழியாகத் தரும் அமிர்தம் பொடி ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள பிள்ளைகளுக்காகவே வருவது. பகலில் இவை, காலையிலும் மாலையிலும் இரவிலும் தாய்ப்பால். இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இன்னொன்றையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் கொஞ்சமே குடித்த பிள்ளை, தாய் வந்ததும் மார்பை விடாது. இரவில் நாலைந்து முறை எழுந்து குடிக்கும். பகல் கணக்கை இரவில் ஈடுகட்டும் இந்தப் பழக்கத்தால் பிள்ளைக்கு நட்டமில்லை. தாய்க்குத்தான் தூக்கம் போகிறது. வந்ததும் பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் அவளை விடாதீர்கள். கை கால் கழுவிவிட்டுப் பிள்ளையோடு படுக்கட்டும். விடியற்காலையில் பிள்ளையை அப்பன் எடுத்துக்கொள்ளட்டும்.

கவனிக்க வேண்டிய அடையாளம் சிறுநீர். ஒரு நாளில் ஆறு முறையாவது துணி நன்றாக நனைந்தால், எடையும் ஏறிக்கொண்டிருந்தால், பகலில் குறைவாகக் குடித்தாலும் பயமில்லை. சிறுநீர் குறைந்து மஞ்சள் அடர்ந்தாலோ, உச்சிக்குழி உள்ளே ஒடுங்கினாலோ, வாய் வறண்டாலோ, பிள்ளை எழுப்பினாலும் எழாமல் துவண்டாலோ, தாய் வரும்வரை காத்திருக்காமல் நெய்யாற்றின்கரைக்கோ பாறசாலைக்கோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மார்பிலும் குடிக்காமல் குப்பியிலும் குடிக்காமல் இருந்தால் காதுவலியோ வாய்ப்புண்ணோ இருக்கலாம். அதையும் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

வேலை செய்யும் இடத்துக்கும் கடமை உண்டு என்பதை உங்கள் மகளுக்கு நினைவூட்டுங்கள். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுப்பதற்காக நாளுக்கு இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும்; தாய் நாளுக்கு நான்கு முறை போய்வர அனுமதிக்க வேண்டும். காப்பகம் இல்லாவிட்டாலும், அந்த இடைவேளையில் கதவு பூட்டும் ஓர் அறையும் கை கழுவக் குழாயும் கிடைத்தால் அவள் பாலைப் பீய்ச்சி வீட்டுக்குக் கொண்டுவர முடியும். எடுக்காமல் விட்டால் மார்பு கட்டிக் காய்ச்சல் வரும்; சில வாரத்தில் பாலும் குறையும். இதைக் கேட்கத் தயங்கும் மகளிடம், கேட்கச் சொல்ல வேண்டியது நீங்கள்.

அம்மச்சிமாரே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வார்டின் அடுத்த குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்த பிறகு, பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். ஆஷா பணியாளரையோ அங்கன்வாடி டீச்சரையோ அழைத்து உட்காரவையுங்கள். பாலாடையில் கொடுக்கத் தெரிந்த அம்மச்சி ஒருத்தி, ஒரு பிள்ளையை மடியில் வைத்து மற்றவர்களுக்குச் செய்து காட்டட்டும். அடுத்த மாதம் வேலைக்குப் போகப்போகும் தாய் யார் யார் என்று அங்கேயே கேளுங்கள். அந்த வீடுகளுக்கு இரண்டு வாரம் முன்பே போய்த் தொடங்குங்கள்.